வாவிக்கரை ஊர்களுக்கு ஒரு காசு

காசு என்பது கொடுக்கவும் வாங்கவும் உதவும் ஒரு கருவி என்றே நாம் நாள்தோறும் எண்ணுகின்றோம். அதன் இருபுறத்திலும் என்ன பொறித்திருக்கின்றது என்று திருப்பிப் பார்ப்போர் மிகச் சிலர். அவ்வாறு பார்ப்போர்க்கோ அது வரலாற்று நூலின் ஓர் ஏடு. சோழர் காசிலே புலியைக் காண்கிறோம். பாண்டியர் காசிலே மீனைக் காண்கிறோம். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் காசிலே நந்தியையும் ‘சேது’ என்னும் சொல்லையும் காண்கிறோம். பிரித்தானியர் காலத்துக் காசிலே அரசரின் தலையைக் காண்கிறோம். இவை யாவும் ‘இந்நாட்டை ஆள்பவர் யார்?’ என்ற வினாவுக்கே விடை கூறுவன. ‘இந்நாட்டில் உழைப்பவர் யார்? அவர் கை என்ன செய்ய வல்லது?’ என்ற வினாவுக்கு விடை கூறும் காசுகள் உலகிலே அரியன.

அத்தகைய அரிய காசுகள் சிலவற்றை நான் சில ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். அவை ஜேர்மனி நாட்டின் ‘நொட்கெல்ட்’ எனப்படும் அவசரக் காசுகள். மட்டக்களப்பு வாவிக்கரையிலே வாழும் கல்லூரி ஆசிரியன் ஒருவனுக்கு ஜேர்மனிக் காசு எங்ஙனம் கிடைத்தது என்று வாசகர்கள் வினவலாம். என்னிடம் வரலாறு பயின்ற மாணவர் ஒருவர் அந்நாட்டிலே குடியேறித் தொழில் பார்க்கின்றார். ஊர்ச் சந்தைகளிலே பழம்பொருள் விற்போரிடம் மலிவாகக் கிடைக்கும் காசுகளை வாங்கி, புத்தாண்டு வாழ்த்தோடு எனக்கு அனுப்புவது அவர் வழக்கம்.

இக்காசுகள் பிறந்த கதை சுவையானது. 1914ஆம் ஆண்டு முதலாம் உலக யுத்தம் மூண்டபோது ஜேர்மனி மக்கள் வெள்ளிக்காசுகளைப் பதுக்கினர். செம்பும் நிக்கலும் போர்த் தளவாடங்களுக்கு வேண்டியிருந்தன. எனவே சில்லறைக் காசுகள் கடைவீதியிலிருந்து மறைந்தன. ஓர் இறாத்தல் பாண் வாங்கியவனுக்கு மீதி கொடுக்கக் கடைக்காரனிடம் காசில்லை. தொழிலாளிக்கு வாரக்கூலி கொடுக்க ஆலை முதலாளியிடம் காசில்லை. பேரரசின் நாணயசாலையை எதிர்பார்த்திருக்க இயலாத நகரசபைகளும் சேமிப்பு வங்கிகளும் தொழிற்சாலைகளும் தத்தமக்கென்று காசு அடிக்கத் தொடங்கின. நாகம், இரும்பு, அலுமினியம், கடதாசி என்று கைக்குக் கிடைத்த பொருளிலெல்லாம் காசு பிறந்தது. யுத்தம் 1918இல் முடிந்த பின்னரும் இவ்வழக்கம் நிற்கவில்லை. நாடெங்கும் ஆயிரக்கணக்கான ஊர்கள் தம் பெயரில் பணம் வெளியிட்டன.

தலைநகரிலிருந்து வரும் காசில் என்ன பொறிப்பது என்பதைத் தலைநகரம் முடிவு செய்யும். ஊர் தானே காசு அடிக்கும்போது எதைப் பொறிப்பது? அரசரின் தலையைப் பொறிக்க இயலாது. 1918இல் அரசரே முடி துறந்து சென்றுவிட்டார். அப்போது பல ஊர்கள் தம் கைத்தொழிலை நினைத்தன. சக்சனி மாநிலத்து மைசன் நகரத்தில் 1710ஆம் ஆண்டு நிறுவப்பட்ட புகழ்பெற்ற பீங்கான் ஆலை ஒன்று உண்டு. அவ்வாலை 1920ஆம் 1921ஆம் ஆண்டுகளில் பீங்கானாலேயே காசு செய்தது. சில வெண்ணிறமானவை, சில செங்கபில நிறமான சுடுமண். ஒவ்வொன்றிலும் அவ்வாலையின் குறியாகிய குறுக்கிட்ட இரு வாள்களைக் காணலாம். சக்சனி அரசுக்கும் பிற பல நகரங்களுக்கும் அவ்வாலையே இவ்வகைக் காசு செய்து கொடுத்தது. வெள்ளிச் சுரங்கத்தால் வாழ்ந்த பிரைபேர்க் நகரத்தின் பீங்கான் காசு சுரங்கத் தொழிலை நினைவூட்டியது. நெசவுக்குப் பெயர்பெற்ற பீலஃபெல்ட் நகரின் சேமிப்பு வங்கி பட்டுத் துணியிலும் சணல் துணியிலும் பணம் அச்சிட்டது. தோல் பதனிடும் ஒஸ்டர்வீக், பொஸ்னெக் என்னும் ஊர்கள் தோலையே வெட்டிப் பணமாக்கின. அதாவது, காசின்மேல் தொழிலை எழுதியது மட்டுமன்று; தொழிலின் பொருளையே காசாக்கிவிட்டனர்!

ஆயின் இப்பணத்தின் முடிவு துயரமானது. 1923ஆம் ஆண்டு ஜேர்மனியின் பணவீக்கம் கட்டுக்கடங்காது ஏறியது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் ஓர் அமெரிக்க டொலருக்கு 4,20,000 கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. புதிய ‘ரென்டன்மார்க்’ நாணயம் வந்தபின் ஊர்க்காசுகள் செல்லாக்காசுகளாயின. பீங்கான் காசுகளும் பட்டுப் பணமும் அதற்கு முன்னரே புழக்கத்திலிருந்து விலகிச் சேகரிப்போர் பெட்டிகளுக்குள் புகுந்திருந்தன. அவற்றை விரும்பி வாங்குவோர் இருந்தமையால் வெளியிட்ட ஊர்களுக்கும் அதனால் நல்ல வருவாய் கிடைத்தது.

இனி எமது நாட்டை நோக்குவோம். இங்கும் அவசரப் பணம் பிறந்த காலம் ஒன்று உண்டு. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீதும், 9ஆம் நாள் திருகோணமலையின்மீதும் குண்டு பொழிந்தன. அந்த 9ஆம் நாளிலேயே ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் எமது மட்டக்களப்புக் கடலிலே மூழ்கடிக்கப்பட்டது. இன்றும் அது அங்கேயே கடலடியிற் கிடக்கின்றது. உலோகத் தட்டுப்பாடு மிகுந்த அவ்வாண்டில் இலங்கை அரசாங்கம் சில்லறைக் காசுக்குப் பதிலாகச் சிறு தாள்களை வெளியிட்டது. அவற்றுள் ஐந்து சதத் தாள் விசித்திரமானது. தபால் முத்திரைகளுக்கு இடையே இருப்பதுபோல அதன் நடுவே ஒரு துளைவரிசை உண்டு. அவ்வழியே கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதம். மற்றைய துண்டு மூன்று சதம்! என் பாட்டனார் காலத்து மக்கள் இத்தாளைக் கிழித்து வெற்றிலையும் பாக்கும் வாங்கியிருப்பர். ஆயின் அத்தாள்கள் தாங்கியது ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலையைத்தான். எந்த ஊரின் கையும் அவற்றில் இல்லை.

அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னர், கோப்பிப் பயிர் செழித்திருந்த காலத்தில், கொழும்பிலுள்ள கோப்பி ஆலைகள் கூலி வில்லைகளை வழங்கின. ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியாரின் வேகந்த ஆலை வில்லையிலே 1843 என்னும் ஆண்டு பொறித்திருக்கின்றது. கோப்பிக்கொட்டையைத் தெரிந்து பொறுக்கிய பெண்களின் கூலிக்காக வந்தவை இத்தகைய வில்லைகள். கம்பனியின் பெயர் நிலைத்தது. பொறுக்கிய பெண்களின் கைக்கு அதில் இடமில்லை. பின்னர், 2013ஆம் ஆண்டில் இலங்கை மத்திய வங்கி 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாகப் பத்து ரூபாக் காசுகளை வெளியிட்டது போற்றத்தக்க முயற்சியே. எனினும் அது மாவட்டத்துக்கு ஒரு காசு. ஊருக்கு ஒரு காசு அன்று. எமது வாவியோ மாவட்ட எல்லையை அறியாதது. 1961இல் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டபின், ஒரே வாவியின் கரைத் தொழில்கள் இரு மாவட்டங்களுக்குப் பங்காகிவிட்டன.

இக்காசுகளை ஒருநாள் வகுப்பிலே மாணவர்க்குக் காட்டினேன். “சேர், எங்கட ஊருக்கு இப்பிடிக் காசு அடிச்சா என்னத்தப் போடலாம்?” என்று ஒரு மாணவன் கேட்டான். நான் வாய் திறக்குமுன்னே வகுப்பு முழுவதும், “பாடும் மீன்!” என்று முழங்கிற்று. மீன்பாடும் தேன்நாட்டுப் பிள்ளைகளுக்கு வேறு என்ன தோன்றும்? ஆயினும் பாடும் மீன் இயற்கை தந்த பெருமை. வாவி பாடுவதற்கு நாம் ஒன்றும் செய்யவில்லை. நாம் செய்தது எது? எமது கை எதை ஆக்கிற்று? அதனைக் கண்டுவரவே, விடுமுறையிலே ஒரு வாரம் ஒதுக்கி, மைசன் ஆலையின் செங்கபிலக் காசு ஒன்றையும் பீலஃபெல்ட் பட்டுப் பணம் ஒன்றையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாவியைச் சுற்றிப் புறப்பட்டேன்.

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்திற்குக் கிடக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள மணற்பாங்கான கரை, ஞாயிறு எழும் திசையில் இருப்பதால் எழுவான்கரை எனப்படும். வாவிக்கு அப்பால் வயல்வெளிகள் பரந்த மேற்குக் கரை, ஞாயிறு படும் திசையில் இருப்பதால் படுவான்கரை எனப்படும். இதைவிட அழகாக ஒரு நாட்டைப் பெயரிட்டுப் பிரிக்க இயலுமோ?

பயணத்தைப் புளியந்தீவுக் கோட்டையிலிருந்து தொடங்கினேன். 1628இல் போர்த்துக்கீசர் கட்டிய இக்கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். ‘துட்டு’ என்று இன்று நாம் வழங்கும் சொல்லே ஒல்லாந்தரின் ‘டொயிட்’ என்னும் செப்புக்காசின் பெயரிலிருந்து வந்தது என்பர். அவர்கள் கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய இடங்களின் முதலெழுத்தைத் தாங்கிய செப்புக்காசுகளை இத்தீவிலே வழங்கினர். மட்டக்களப்பின் எழுத்தைத் தாங்கிய காசு அவற்றுள் இல்லை. கோட்டை மதிலருகே நின்று வாவியைப் பார்த்தபோது, கோட்டை இருந்தும் காசு இல்லாத ஊர் எமது ஊர் என்று எண்ணிக்கொண்டேன்.

கல்லடியை நோக்கிப் போகும்போது 1924ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலத்தையும், அதன் அருகே 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தையும் காணலாம். பாலத்தைத் தாண்டியதும் கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தரின் பெயரோடு பிரியாத சிவானந்த வித்தியாலயம். யாழ் என்னும் மறைந்துபோன இசைக்கருவியின் இலக்கணத்தை நூல்களிலிருந்து மீட்க அப்பெருமகனார் பல்லாண்டு உழைத்தார். 1947இல் ‘யாழ்நூல்’ வெளிவந்தது. செய்யும் கை அற்றுப்போனபின் ஒரு கலையை ஏட்டிலிருந்து மீட்பது எத்துணை அரிய செயல் என்பதற்கு அந்நூல் ஒன்றே சான்று.

தெற்கே போகும் பெருவீதியிலே காத்தான்குடியும் ஆரையம்பதியும் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்றில் பள்ளிவாசல் மினாராக்களும் மற்றொன்றில் கோயிற் கோபுரங்களும் தென்னை உயரத்துக்கு நிற்கின்றன. இக்கரையின் முஸ்லிம் ஊர்களில் பெண்கள் பன்புல்லினாற் பாய் இழைப்பதைக் காணலாம். சதுப்பு நிலத்தில் வளரும் பன்னை அறுத்து, வெயிலிற் காயவைத்து, சிலவற்றைக் கொதிக்கும் சாயத்தில் தோய்த்து, நிலத்திலே அமர்ந்து விரல்களாலேயே இழைக்கின்றனர். தறியில்லை, அச்சில்லை, கணக்கு முழுவதும் மனத்திலே. சிவப்பும் பச்சையும் ஊதாவும் ஒழுங்கு தவறாது ஓடுகின்றன.

ஒரு வீட்டு முற்றத்திலே முதிய தாயார் ஒருவர் பேத்தியோடு இருந்து பாய் இழைத்துக்கொண்டிருந்தார். “உம்மா, இதைப் பாருங்கள்” என்று பட்டுப் பணத்தைக் காட்டி அதன் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், “அந்தக் காசுக்கு என்ன வாங்கலாம் மகன்?” என்றார். 1921இல் ஏதோ வாங்கலாம், 1923இன் முடிவில் ஒன்றும் வாங்க இயலாது என்றேன். தாயார் சிரித்துவிட்டார். “அப்ப பாய் மேல். இருக்கலாம், படுக்கலாம், புள்ளையையும் வளத்தலாம்” என்றார். பொருளியல் ஆசிரியர் ஒருவர் ஒரு தவணை முழுவதும் கற்பிப்பதை அவர் ஒரு வார்த்தையிலே சொல்லி முடித்தார்.

களுதாவளையின் வெற்றிலைக் கொடிகளையும் களுவாஞ்சிகுடிச் சந்தையையும் கல்லாற்றையும் கடந்து, பெரியநீலாவணைக்கு அப்பால் மருதமுனையை அடைந்தேன். வாவிக்கரை ஊர்களுக்குக் காசு அடிப்பதாயின் முதற் காசு இவ்வூருக்கே உரியது. மருதமுனைச் சாரனும் சேலையும் இலங்கை முழுவதும் பெயர்பெற்றவை. வீட்டுக்கு வீடு தறி ஓசை கேட்ட காலத்தை முதியோர் இன்றும் நினைவுகூர்கின்றனர். விசைத்தறித் துணியும் இறக்குமதித் துணியும் வந்து விலையைக் குறைத்தன. நூலும் சாயமும் விலை ஏறின. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இவ்வூரின் கரையோரத்தை அடித்துச் சென்றது. உயிர்களோடு தறிகளும் போயின. இத்தனைக்குப் பின்னும் இங்கே தறி ஓசை அடங்கிவிடவில்லை.

நான் சென்ற வீட்டிலே எழுபது வயதைத் தாண்டிய நெசவாளர் ஒருவர் தறியில் அமர்ந்திருந்தார். கால்கள் மிதியை மாற்றி மாற்றி அழுத்த, விழுதுகள் ஏறி இறங்கின. பாவின் நடுவே நாடா இங்கும் அங்கும் ஓட, அச்சு ஊடையை நெருக்கிக் கட்டியது. பட்டுப் பணத்தைக் கையில் கொடுத்தேன். அவர் அதிலுள்ள படத்தைப் பார்க்கவில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓரத்தை நகத்தால் வருடி, இழையை எண்ணினார்.

“துணிதான் தறியில வந்தது தம்பி. படம் அச்சடிச்சது. நெய்த படமில்ல” என்றார். நான் ஆம் என்றேன். மருதமுனைக்கு ஒரு காசு அடித்தால் என்ன பொறிக்கலாம், நாடாவைப் பொறிக்கலாமா என்று கேட்டேன். அவர் சற்று யோசித்தார்.

“நாடா தானா ஓடும் தம்பி. அறுந்த நூலை முடியிற விரலைப் போடுங்க. அதுதான் நெசவு” என்றவர், சிறிது நேரம் கழித்து, “போட்டா நல்லதான். ஆனா இதுக்குள்ள வந்து குந்துறதுக்கு ஒரு பொடியன் வேணுமே” என்றார்.

அவருடைய பிள்ளைகள் மூவரும் படித்து உத்தியோகம் பார்க்கின்றனர். அதிலே அவருக்குப் பெருமையே ஒழியக் குறையில்லை. எந்தத் தந்தைதான் பிள்ளை தன்னைவிட உயர்வதை விரும்பமாட்டான்? ஆயினும் அறுந்த நூலை முடியும் விரல் யாருடைய விரலாக இருக்கும் என்ற வினாவுக்கு அவ்வீட்டில் விடை இல்லை.

மருதமுனையிலிருந்து வந்தவழியே வடக்கு நோக்கித் திரும்பிக் குருமண்வெளியை அடைந்தேன். இத்துறையிலிருந்து வாவியைக் கடந்து மண்டூருக்குப் போகும் மிதவைக்கு எமது மக்கள் இட்ட பெயர் ‘பாதை’. தண்ணீரின்மேல் ஓடும் ஒன்றுக்குப் பாதை என்று பெயரிட்ட மனத்தை நினைத்து வியவாதிருத்தல் இயலாது. மனிதரும் சைக்கிளும் நெல்மூட்டையும் ஒன்றாகவே கடப்பர். கடக்கும்போது தோணியிலே நின்று வீச்சுவலை எறியும் மீனவரையும் கண்டேன். வலை வட்டமாக விரிந்து நீரில் விழும் அக்கணத்தை எந்தக் காசிலும் பொறிக்கலாம்.

மண்டூர் முருகன் கோயிலை வணங்கிவிட்டுப் படுவான்கரை வழியே வடக்கே நடந்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் வயல். இங்கே பழைய நாளில் காசு வேண்டியதில்லை, நெல்லே காசு. போடியாரின் வயலிலே உழைத்தவர்க்கும், கொல்லருக்கும், வண்ணாருக்கும், கோயிலுக்கும் சூடடித்த களத்திலேயே நெல் அளந்து கொடுக்கப்பட்டது. மரைக்காலே எங்கள் நாணயசாலை. நெல்லுக்குப் பணவீக்கம் இல்லை. ஆயின் வெள்ளமும் வரட்சியும் உண்டு. 1978ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய சூறாவளியையும், பின்னர் நீண்ட யுத்த காலத்தில் மக்கள் வயலையும் வீட்டையும் விட்டு இடம்பெயர்ந்ததையும் இக்கரையார் மறக்கவில்லை. இடம்பெயர்ந்தவன் கையோடு எடுத்துச் செல்லக்கூடிய சொத்து அவன் அறிந்த தொழில் ஒன்றே.

இக்கரையிலே குயவர் ஒருவரின் வீட்டை அடைந்தேன். மட்டக்களப்புத் தயிரைச் சுவைத்தவர்கள் அதன் சட்டியையும் மறக்கமாட்டார்கள். எருமைப்பாலைக் காய்ச்சி உறையிட்டு மண்சட்டியில் வைத்தால், சட்டியின் நுண்துளைகள் தயிரின் நீரை இழுத்துக்கொள்ளும். நீரின் ஒரு பகுதி வெளியே ஆவியாகி உள்ளே இருப்பதைக் குளிரச் செய்யும். அதனாலேயே தயிர் கத்தியால் வெட்டும் பதத்தில் இறுகுகின்றது. பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு இந்த ஆற்றல் இல்லை. எனினும் அது உடையாது; ஏற்றியனுப்ப எளிது. அதனால் குயவரின் சூளை எரியும் நாட்கள் குறைந்துவிட்டன.

சக்கரத்தருகே இருந்த குயவரிடம் மைசன் காசைக் கொடுத்தேன். அவர் அதைக் கையில் வைத்து நிறை பார்த்தார், காதருகே பிடித்து நகத்தாற் சுண்டினார், மீண்டும் சுண்டினார். “நல்லாச் சுட்டிருக்கான் வாத்தியார். உள்ளுக்குப் பச்சையில்ல. எங்கட சூளையில இவ்வளவு சூடு ஏறாது” என்றார். அக்காசைச் செய்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது. அவர் மொழி தெரியாது, நாடு தெரியாது. நூறாண்டுக்கு முன்னர் வேறொரு கண்டத்திலே மண்ணைச் சுட்ட ஒருவனை அவன் மண்ணின் ஒலியைக் கொண்டே இவர் அறிந்துகொண்டார். பல ஆண்டுகளாக அக்காசை நான் வைத்திருக்கின்றேன். அது எழுப்பும் ஒலியை ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அதன் பொருள் எனக்கு விளங்கியிராது.

கொக்கட்டிச்சோலையிலே தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தில் தரிசனம் செய்தேன். அருகிலுள்ள ஒரு கிராமத்திலே கூத்துப் பழகும் அண்ணாவியார் ஒருவர் வீட்டில் வடமோடிக் கூத்தின் கரப்புடுப்பைக் கண்டேன். மூங்கிலையோ பிரம்பையோ வளைத்துக் கூடுபோலக் கட்டி, அதன்மேல் துணியும் கண்ணாடியும் மணியும் வைத்து அலங்கரிக்கும் அரச உடை அது. அணிந்தவர் சுழன்றாடும்போது அவ்வுடையும் வட்டமாகச் சுழலும். ஆடும் களரியும் வட்டம். அண்ணாவியாரைச் சூழ ஏழெட்டுச் சிறுவர்கள் தாளக்கட்டைப் பழகிக்கொண்டிருந்தனர். நான் சென்ற வீடுகளுள், கற்பிப்பவரைவிடக் கற்பவர் தொகை கூடியிருந்த வீடு அது ஒன்றே.

2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தின் வழியே எழுவான்கரைக்குத் திரும்பினேன். அத்துறையிலே நெடுங்காலம் ஓடிய பாதை பாலம் வந்தபின் நின்றுவிட்டது. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லும் குடும்பத்துக்குப் பாலத்தின் அருமை தெரியும். மாறக்கூடியவை மாறுவது நன்றே. ஆயின் எவையெவை மாறுகின்றன என்பதை அறிந்து மாறுவது வேறு. அறியாது இழப்பது வேறு.

காசில் பொறித்துவிட்டால் ஒரு தொழில் நிலைத்துவிடுமோ? ஜேர்மனியிலிருந்தே இதற்கு விடை கிடைக்கின்றது. பட்டிலே பணம் அச்சிட்ட பீலஃபெல்ட் நகரின் பெருமையாக விளங்கிய இராவென்ஸ்பேர்க் நூற்பாலை 1974இல் மூடப்பட்டது. இன்று அக்கட்டடத்தில் முதியோர் கல்வி நிலையம் நடக்கின்றது, அதே வளாகத்தில் அருங்காட்சியகமும் உண்டு. பட்டுப் பணம் என் பையில் இருக்கின்றது, நூற்பாலை இல்லை. மைசன் ஆலையோ முந்நூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் பீங்கான் செய்கின்றது. இரண்டும் தம் தொழிலைக் காசாக்கிய ஊர்களே. ஒன்று நின்றதற்கும் மற்றது நிலைத்ததற்கும் காரணங்கள் பல. ஆயினும் ஒரு காரணத்தை ஆசிரியனாகிய நான் கவனிக்கின்றேன். மைசன் ஆலையார் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தொழில் பழகும் இளைஞர்க்கு ஓவியம் கற்பிக்கும் பள்ளியையும் உடன் நடத்தினர். அங்கே முதியவரின் பக்கத்தில் எப்போதும் ஓர் இளையவர் அமர்ந்திருந்தார். தொழிலைக் காத்தது காசிலுள்ள படமன்று. பக்கத்திலே அமர்ந்த அவ்விளையவரே.

பாய் இழைத்த தாயாரின் அருகே பேத்தி இருந்தாள். அண்ணாவியாரின் அருகே சிறுவர் இருந்தனர். நெசவாளரின் அருகேயும் குயவரின் அருகேயும் எவரும் இல்லை. ஒரு வாரம் சுற்றி நான் கண்டுவந்த கணக்கு இதுவே.

எல்லாப் பிள்ளைகளும் தறியில் அமர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு சொல்ல ஆசிரியனுக்கு உரிமையும் இல்லை. மருத்துவராகவும் பொறியியலாளராகவும் விரும்பும் பிள்ளை அவ்வாறே ஆகட்டும். ஆயின் பாட்டனாரின் சூளையிலே எத்தனை நாள் விறகு எரியும், எந்த நிறம் வந்தால் தீயைத் தணிக்க வேண்டும் என்பதை அறிந்துகொண்டே ஒருவர் பொறியியலாளர் ஆகலாம் அன்றோ? அறிந்தவர் கையிலே அத்தொழில் வேறு உருவத்தில் பிழைக்கவும் கூடும். அறிந்தவர் ஒருவருமே இல்லையெனில், பின்னொரு நாளில் இன்னொரு விபுலாநந்தர் பிறந்து ஏட்டிலே தேட வேண்டியிருக்கும். சாரனுக்கும் சட்டிக்கும் ஏடும் இல்லை.

விடுமுறை முடிந்து வந்தபின் என் மாணவர்க்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். இதனை வாசிக்கும் மாணவரும் செய்து பார்க்கலாம். செலவு ஒன்றும் இல்லை. ஒரு தாளிலே வட்டம் இரண்டு வரைய வேண்டும். அவை உம் ஊர்க் காசின் இரு புறங்கள். முதற் புறத்திலே உம் ஊரின் கைத்தொழில் ஒன்றை வரைய வேண்டும். புத்தகத்தைப் பார்த்து வரையலாகாது. அத்தொழில் செய்பவரிடம் நேரிலே போய், எதை வரைவது என்று அவரிடமே கேட்டு வரைய வேண்டும். மறுபுறத்தில், அவரிடம் அத்தொழிலைக் கற்றுக்கொண்டிருப்பவரின் பெயரை எழுத வேண்டும்.

என் வகுப்பிலே முப்பத்திரண்டு மாணவர் காசு வரைந்து வந்தனர். முதற் புறங்கள் மிக அழகாயிருந்தன: உமி தூற்றும் சுளகு, வலை முடையும் ஊசி, தச்சரின் உளி, பொற்கொல்லரின் ஊதுகுழல், மத்தளத்தின் வார். மறுபுறம் நிரம்பிய காசுகள் ஒன்பது. அவற்றுள் ஒன்றிலே ஒரு மாணவி தன் பெயரையே எழுதியிருந்தாள். காரணம் கேட்டேன். “எழுதிறதுக்கு ஒருத்தரும் இல்லை, சேர். அதால பெரியம்மாட்ட நானே பழகத் தொடங்கிட்டேன்” என்றாள்.